புகைப்படத் திருத்த மென்பொருளில் குறுக்குவிசைகளைக் கைக்கேற்ப அமைத்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

படத்தைத் திருத்த உட்காரும் ஒருவரின் வலது கை சுட்டியிலோ பேனாவிலோ இருக்கும்; அது படத்தை விட்டு நகராத வரை வேலை ஓடும். மெனுவைத் தேடி அந்தக் கை திரையின் மேல் விளிம்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கண்ணும் கூடவே போய்விடுகிறது. திரும்பி வந்து, எந்த இடத்தில் விட்டோம் என்று மறுபடி தேட வேண்டியிருக்கிறது. மெனுவுக்குப் போகாமலே ஒரு கட்டளையை விசைப்பலகையிலிருந்து இயக்கும் குறுக்குவிசைகள் இந்த அலைச்சலைத்தான் குறைக்கின்றன. ஆனால் மென்பொருளோடு வரும் இயல்பான குறுக்குவிசைகள் எல்லா வகைப் பயனருக்கும் பொதுவாக அமைக்கப்பட்டவை. சுவரொட்டி வடிவமைப்பவர், முகத்தோலைச் செம்மைப்படுத்துபவர், பழைய படங்களைச் சீராக்குபவர் ஆகிய மூவரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். மூவருக்கும் அது பாதிதான் பொருந்துகிறது.

பட்டியல் முழுவதையும் மாற்றியமைக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒருவர் தினமும் செய்யும் வேலையில் உண்மையில் திரும்பத் திரும்ப வருபவை 15 அல்லது 20 கட்டளைகள்தான் என்பது என் அனுபவம். அவற்றை மட்டும் இடது கைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, மற்றவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஃபோட்டோஷாப்பையும், இலவசத் திருத்த மென்பொருளான கிம்பையும் விரிவாகவும், மற்றவற்றைச் சுருக்கமாகவும் பார்க்கலாம்.

முதலில் தாளும் பேனாவும்

அமைப்புச் சாளரத்தை உடனே திறந்துவிடாதீர்கள். அங்கே வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான கட்டளைகளைப் பார்த்தால், ஒருபோதும் பயன்படுத்தாதவற்றுக்கும் விசை கொடுக்கும் ஆசை வந்துவிடும். அதற்குப் பதிலாக, வழக்கமான ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு தாளை வைத்து, மெனுவுக்கோ கருவிப்பட்டைக்கோ பேனலுக்கோ கை போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டளையின் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மூன்று நாள்களில், நாளுக்கு ஒரு மணி நேரம் இப்படிச் செய்தால் போதும்.

இந்தத் தாள் பெரும்பாலும் நாம் எதிர்பாராத ஒன்றைச் சொல்லும். என் தாளில் அதிகக் கோடுகள் விழுந்தது எந்தக் கருவிக்கும் அல்ல. லேயர் மாஸ்க், அதாவது ஒரு லேயரின் (அடுக்கின்) எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மறைப்பு, சேர்ப்பதற்குத்தான். லேயர் பேனலின் அடியில் இருக்கும் அந்தச் சிறிய சின்னத்தைத் தேடிப் பேனாவை நகர்த்துவது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. அதனாலேயே அது கணக்கில் வராமல் இருந்தது. அடுத்த இடத்தில் வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் கர்வ்ஸ் சரிசெய்தல் லேயர், அதற்கடுத்து தெரியும் லேயர்கள் அனைத்தையும் ஒரே புதிய லேயராகப் பதிப்பது, பிறகு தழும்பு, கறை போன்றவற்றை மறைக்கும் ஹீலிங் பிரஷ். இந்த நான்கையும் வைத்தே கீழே எடுத்துக்காட்டுகளைக் காட்டுகிறேன்.

கோடு எண்ணும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஏற்கெனவே குறுக்குவிசை இருந்தும் நீங்கள் மெனுவுக்குப் போகும் கட்டளைகள் சில இருக்கும். அவற்றில் பாதி நீங்கள் அறியாதவை; அறிந்துகொண்டாலே போதும், மாற்றத் தேவையில்லை. மீதிப் பாதி அறிந்தும் பயன்படுத்தாதவை. அதாவது விசை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டியவை இவைதான்.

எந்த விசை யாருக்கு

வலது கை பேனாவில் இருப்பவருக்கு, இடது கை நகராமல் எட்டும் எழுத்துகள் க்யூ, டபிள்யூ, ஈ, ஆர் என்ற மேல்வரிசையும், ஏ, எஸ், டி, எஃப் என்ற நடுவரிசையும், இசட், எக்ஸ், சி, வி என்ற கீழ்வரிசையும்தான். கொஞ்சம் நீட்டினால் ஜியும் (G) பியும் (B) எட்டும். இந்தப் பதினான்கு விசைக்குள் உங்கள் தாளின் முதல் சில வரிகள் அடங்கிவிட வேண்டும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் விசைப்பலகையின் மறு பாதியை வைத்து இதையே தலைகீழாகச் செய்யலாம்.

இயல்பான அமைப்பில் சில பொருத்தங்கள் மிக நன்றாகவே இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். பிரஷுக்கு பி, குளோன் ஸ்டாம்புக்கு எஸ், நகர்த்தும் கருவிக்கு வி, முன்னணி நிறத்தையும் பின்னணி நிறத்தையும் இடம் மாற்ற எக்ஸ், கறுப்பு வெள்ளைக்குத் திரும்ப டி (D) ஆகியவை ஃபோட்டோஷாப் பயனர்களின் கையில் ஊறிப்போனவை. பயிற்சிக் காணொளிகள் எல்லாம் இவற்றை வைத்தே பேசும். ஹீலிங் பிரஷ், ஸ்பாட் ஹீலிங் பிரஷ், பேட்ச் கருவி ஆகிய அனைத்தும் ஜே என்ற ஒரே எழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதும், அந்த எழுத்து வலது கைப் பக்கம் இருப்பதும் முகத்தைத் திருத்துபவர்களுக்கு உண்மையான இடையூறு.

ஸ்பேஸ், ஆல்ட், டேப் ஆகிய விசைகளுக்குப் பிரஷ் கையில் இருக்கும்போது தனித் தனி வேலை இருக்கிறது. ஸ்பேஸை அழுத்திப் பிடித்தால் படத்தை நகர்த்தும் கை வருகிறது; ஹீலிங் பிரஷில் ஆல்ட் அழுத்தினால் மூல இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. எண் விசைகள் ஒளிபுகாமையை மாற்றுகின்றன. இவை மாற்றும் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை; வெளி நிரல்களைக் கொண்டு மாற்ற முயல்பவர்கள் கடைசியில் பழையதற்கே திரும்பி வருகிறார்கள்.

பிரஷின் அளவை மாற்றும் சதுர அடைப்புக்குறி விசைகள் தனிக் கதை. சில மொழி விசைப்பலகைகளில் சதுர அடைப்புக்குறியை வரவழைக்கவே இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் அவற்றை வேறு விசைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. மற்றவர்கள் அதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்: விண்டோஸில் ஆல்ட் விசையோடு சுட்டியின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால் ஃபோட்டோஷாப்பில் பிரஷ் பெரிதாகவும் சிறிதாகவும் ஆகும், மேக்கில் கன்ட்ரோலையும் ஆப்ஷனையும் அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். இது பழகிவிட்டால் அந்த இரண்டு விசைகளின் தேவை பெரிதும் குறைந்துவிடும்.

ஃபோட்டோஷாப்: சாளரத்தைத் திறந்து முதல் கட்டளையை மாற்றுதல்

எடிட் மெனுவின் அடிப்பகுதியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற வரி இருக்கிறது. விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் ஆகிய மூன்றையும் அழுத்திக்கொண்டு கே விசையைத் தட்டினாலும் அதே சாளரம் திறக்கும். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஷிப்ட், கே.

மேலே இரண்டு தேர்வுகள் தெரியும். ஒன்று, எந்த வகைக்கான குறுக்குவிசை என்பது: அப்ளிகேஷன் மெனுஸ், பேனல் மெனுஸ், டூல்ஸ் போன்றவை. மற்றொன்று செட், அதாவது குறுக்குவிசைத் தொகுப்பு. அதில் ஃபோட்டோஷாப் டிஃபால்ட்ஸ் என்றிருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன், செட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னங்களில் புதிய தொகுப்பை உருவாக்கும் சின்னத்தை அழுத்தி, உங்களுக்குப் புரியும் ஒரு பெயரில் சேமியுங்கள். தேதியை அல்லது மாதத்தைப் பெயரோடு சேர்ப்பது நல்ல பழக்கம். இது கே.ஒய்.எஸ் என்ற நீட்சியுள்ள ஒரு சிறிய கோப்பாகச் சேமிக்கப்படும். இந்த ஒரு படியைச் செய்துவிட்டால், பிறகு எது குழம்பினாலும் டிஃபால்ட்ஸைத் தேர்ந்தெடுத்துப் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

இப்போது லேயர் மாஸ்க்கை எடுத்துக்கொள்வோம். அப்ளிகேஷன் மெனுஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, லேயர் என்ற சொல்லின் பக்கத்தில் உள்ள முக்கோணத்தை அழுத்தினால் அந்த மெனுவின் கட்டளைகள் விரியும். அதில் லேயர் மாஸ்க் என்ற தலைப்பின் கீழ் ரிவீல் ஆல் என்ற வரி இருக்கிறது. வெள்ளை மாஸ்க் சேர்ப்பது இதுதான். அந்த வரியின் மீது சொடுக்கினால் எதிரே ஒரு கட்டம் திறக்கும். வேண்டிய விசைகளை அப்படியே அழுத்த வேண்டும். பெயரைத் தட்டச்சு செய்யக் கூடாது.

இங்கே பலரும் முதலில் ஒரு தனி எழுத்தை அழுத்திவிட்டு, மென்பொருள் மறுப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். ஃபோட்டோஷாப்பில் மெனுக் கட்டளைக்கான குறுக்குவிசையில் கன்ட்ரோல் விசையோ ஒரு செயல்பாட்டு விசையோ கட்டாயம் இருந்தாக வேண்டும். மேக்கில் கன்ட்ரோலின் இடத்தில் கமாண்ட். தனி எழுத்துகள் கருவிகளுக்கு மட்டுமே உரியவை. அதுபோலவே, கருவிகளுக்குத் தனி எழுத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாது.

எனில் எந்த விசை காலியாக இருக்கிறது? எஃப்1 முதல் எஃப்12 வரையிலான செயல்பாட்டு விசைகளைப் பாருங்கள். இயல்பான அமைப்பில் எஃப்2 வெட்டவும், எஃப்3 நகலெடுக்கவும், எஃப்4 ஒட்டவும் வைக்கப்பட்டிருக்கின்றன. இம்மூன்றுக்கும் கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி ஏற்கெனவே இருக்கின்றன. நகலெடுக்க எஃப்3 அழுத்தும் ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இடது கைப் பக்கத்தில், தேவையே இல்லாமல் அடைத்துக்கொண்டிருக்கும் மூன்று நல்ல விசைகள் இவை. ரிவீல் ஆல் கட்டளைக்கு எஃப்3 விசையைக் கொடுத்தால், அது ஏற்கெனவே காபி கட்டளைக்குரியது, ஏற்றுக்கொண்டால் அங்கிருந்து நீக்கப்படும் என்று சாளரத்தின் அடியில் எச்சரிக்கை வரும். அக்செப்ட் பொத்தானை அழுத்துங்கள். கறுப்பு மாஸ்க் சேர்க்கும் ஹைட் ஆல் கட்டளைக்கு அதே முறையில் எஃப்4.

மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பல மடிக்கணினிகளில் செயல்பாட்டு விசைகள் இயல்பாக ஒலி, வெளிச்சம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும். எஃப்என் விசையைச் சேர்த்தால்தான் உண்மையான எஃப்3 கிடைக்கும். மேக்கில் விசைப்பலகை அமைப்புகளில் செயல்பாட்டு விசைகளை வழக்கமான முறையில் பயன்படுத்தும் தேர்வு இருக்கிறது. மற்றக் கணினிகளில் பெரும்பாலும் இதற்கான பூட்டு, எஃப்என் விசையோடு எஸ்கேப்பை அழுத்துவதிலோ தொடக்க அமைப்பிலோ கிடைக்கும்.

விசை மோதலை எப்படிப் படிப்பது

அடுத்தது கர்வ்ஸ். இயல்பான அமைப்பில் கன்ட்ரோல் எம் அழுத்தினால் கர்வ்ஸ் சாளரம் திறக்கும். ஆனால் அது இமேஜ் மெனுவின் அட்ஜஸ்ட்மென்ட்ஸ் பகுதியில் உள்ள கர்வ்ஸ். சாதாரண லேயரில் அது பிக்சல்களையே நேரடியாக மாற்றிவிடும். கோப்பை மூடிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. பின்னால் திருத்தக்கூடிய சரிசெய்தல் லேயர், லேயர் மெனுவில் நியூ அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்பதன் கீழ் இருக்கிறது. அதற்குக் குறுக்குவிசையே இல்லை. நல்ல பழக்கத்துக்கு விசை இல்லாமல், தவிர்க்க வேண்டிய பழக்கத்துக்கு எளிய விசை இருப்பதை முதலில் கவனித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. லெவல்ஸுக்கான கன்ட்ரோல் எல், ஹியூ சேச்சுரேஷனுக்கான கன்ட்ரோல் யூ ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

ஆகவே நியூ அட்ஜஸ்ட்மென்ட் லேயர் தலைப்பின் கீழ் உள்ள கர்வ்ஸ் வரியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் எம் அழுத்துங்கள். மோதல் எச்சரிக்கை வரும். இங்கே இரண்டு பொத்தான்களின் வேறுபாட்டைப் புரிந்துகொள்வது பயன் தரும். அக்செப்ட் என்றால் விசை புதிய கட்டளைக்கு வந்துவிடும், பழைய கட்டளை விசையில்லாமல் நிற்கும். அக்செப்ட் அண்ட் கோ டு கான்ஃப்ளிக்ட் என்றால் விசையை மாற்றிவிட்டு, அதை இழந்த கட்டளையின் வரிக்கே அழைத்துச் செல்லும். அதற்கு வேறு விசை வேண்டுமானால் அங்கேயே கொடுத்துவிடலாம். பழைய கர்வ்ஸை நான் விசையில்லாமலே விட்டுவிட்டேன். அன்டூ சேஞ்சஸ் கடைசி மாற்றத்தை நீக்கும். யூஸ் டிஃபால்ட் குறிப்பிட்ட அந்தக் கட்டளைக்கு இயல்பான விசையைத் திருப்பித் தரும்.

இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. மெனு வழியாகச் சரிசெய்தல் லேயர் சேர்த்தால், புதிய லேயருக்குப் பெயர் கேட்டு ஒரு சாளரம் குறுக்கே வரும்; ஒவ்வொரு முறையும் என்டர் அழுத்த வேண்டும். நாளுக்கு ஐந்து முறை என்றால் பரவாயில்லை. ஐம்பது முறை என்றால், அதற்கு மாற்றுவழி ஆக்‌ஷன், அதாவது செய்த படிகளைப் பதிவு செய்து ஒரே விசையில் மறுபடி இயக்குவது. அதைக் கீழே பார்க்கலாம்.

கருவிகளுக்கு வருவோம். வகையை டூல்ஸ் என்று மாற்றினால், ஒவ்வொரு கருவிக்கும் எதிரே அதன் எழுத்து தெரியும். ஹீலிங் பிரஷுக்கு நான் ஏ எழுத்தைக் கொடுத்திருக்கிறேன். இயல்பாக அது பென் கருவியால் வரையும் பாதைகளைத் தேர்ந்தெடுக்கும் கருவிக்குரியது. நான் பாதைகளை மாதத்துக்கு ஒருமுறை தொட்டால் அதிகம். நீங்கள் பென் கருவியில் பொருள்களை வெட்டியெடுப்பவராக இருந்தால் இந்த மாற்றம் உங்களுக்கு ஆகாது. உங்கள் தாளில் கோடே விழாத கருவி எதுவோ அதன் எழுத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே எழுத்தைப் பல கருவிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஷிப்ட் விசையோடு அந்த எழுத்தை அழுத்தினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும். ஷிப்ட் இல்லாமலே மாற வேண்டுமானால் பிரிஃபரன்ஸ் பகுதியில் டூல்ஸ் என்பதன் கீழ் யூஸ் ஷிப்ட் கீ ஃபார் டூல் சுவிட்ச் என்ற குறியை நீக்கலாம். நான் அதை நீக்குவதில்லை. எழுத்தைத் தெரியாமல் இரண்டு முறை தட்டினால் வேறு கருவி கைக்கு வந்துவிடுகிறது. இதைவிடப் பயனுள்ள ஒன்று, எழுத்தைத் தட்டாமல் அழுத்திப் பிடிப்பது: பிடித்திருக்கும் வரை அந்தக் கருவி, விட்டவுடன் முன்பிருந்த கருவி. பிரஷில் இருந்துகொண்டே ஒரு நொடி குளோன் ஸ்டாம்பைத் தொட்டுவிட்டு வருவதற்கு இது மிக வசதியானது.

டூல்ஸ் பட்டியலின் கடைசியில் கருவி அல்லாத சிலவும் இருக்கின்றன: பிரஷ் அளவைக் கூட்டுதல், குறைத்தல், விளிம்பின் கடினத்தை மாற்றுதல், க்விக் மாஸ்க், திரை முறை. இவை அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. எழுத்துக் கருவியில் சொற்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது தனி எழுத்துக் குறுக்குவிசைகள் எதுவும் வேலை செய்யாது என்பதையும், கன்ட்ரோல் என்டர் அழுத்தி அந்த எழுத்தை முடித்த பிறகே அவை உயிர்பெறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய பதிப்பில் கை பழகியவர்களுக்கு

ஃபோட்டோஷாப்பை உருவாக்கும் அடோபி நிறுவனமே இயல்பான விசைகளை மாற்றிய சந்தர்ப்பங்கள் உண்டு. 2008இல் வந்த சிஎஸ்4 பதிப்பில் கன்ட்ரோல் 1 படத்தை முழு அளவில் காட்டும் விசையாக ஆனது. அதுவரை அது வண்ணச் சேனலுக்குரியது. 2017 பதிப்பில் கடைசி ஃபில்டரை மறுபடி இயக்கும் கன்ட்ரோல் எஃப் தேடலுக்குப் போனது. 2019 பதிப்பிலிருந்து கன்ட்ரோல் இசட் தொடர்ந்து பின்னோக்கிப் போகிறது. அதற்கு முன் அது கடைசி ஒரு செயலை மட்டும் நீக்கி, மறுபடி அழுத்தினால் திரும்பக் கொண்டுவரும். முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய முறையையே விரும்பியவர்கள் பலர். இதே சாளரத்தில் யூஸ் லெகசி அன்டூ ஷார்ட்கட்ஸ், யூஸ் லெகசி சேனல் ஷார்ட்கட்ஸ் என்று இரண்டு தேர்வுகள் இதற்காகவே இருக்கின்றன. அன்டூ தேர்வை மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஃபில்டர் மெனுவின் லாஸ்ட் ஃபில்டர் கட்டளைக்கு கன்ட்ரோல் எஃப் விசையைக் கையால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பட்டியலில் இல்லாதவற்றுக்கு ஆக்‌ஷன்

தெரியும் லேயர்களை ஒரே புதிய லேயராகப் பதிக்க கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், ஈ ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்த வேண்டும். விரல்கள் பின்னிக்கொள்ளும் இந்தச் சேர்க்கை மாற்றும் பட்டியலில் தனி வரியாக இல்லை. இப்படிப்பட்டவற்றுக்கு ஆக்‌ஷன்ஸ் பேனல் உதவும். புதிய ஆக்‌ஷன் ஒன்றை உருவாக்கும் சாளரத்திலேயே ஃபங்ஷன் கீ என்ற கட்டம் இருக்கும். அதில் எஃப்2 விசையைத் தேர்ந்தெடுத்து, பதிவைத் தொடங்கி, அந்த நான்கு விசைகளை ஒருமுறை அழுத்தி, பதிவை நிறுத்துங்கள். இனி எஃப்2 ஒன்றே போதும். கர்வ்ஸ் சரிசெய்தல் லேயரையும் இவ்வாறே பதிவு செய்தால், இயக்கும்போது பெயர் கேட்கும் சாளரம் வராது.

ஆக்‌ஷனுக்குச் செயல்பாட்டு விசைகளை மட்டுமே, தேவையானால் ஷிப்ட், கன்ட்ரோல் சேர்த்து, கொடுக்கலாம். எழுத்து விசை கொடுக்க முடியாது. விண்டோஸில் எஃப்1 கிடைக்காது. எஃப்4, எஃப்6 இரண்டையும் கன்ட்ரோலோடு சேர்க்க முடியாது. ஒரே விசை மெனுக் கட்டளைக்கும் ஆக்‌ஷனுக்கும் இருந்தால் ஆக்‌ஷன்தான் ஓடும். எச்சரிக்கை இல்லாமல் குறுக்குவிசை மாறிவிட்டதுபோல் தோன்றினால் முதலில் ஆக்‌ஷன்ஸ் பேனலைப் பாருங்கள்.

கிம்ப்: கட்டுப்பாடு குறைவு, கவனம் அதிகம் தேவை

கிம்பில் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற வரியைத் திறந்தால், மேலே ஒரு தேடல் கட்டமும் கீழே வகைவாரியான பட்டியலும் வரும். கட்டளையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் குறுக்குவிசைப் பகுதியில் சொடுக்கி, வேண்டிய விசையை அழுத்த வேண்டும். இருக்கும் விசையை நீக்க பேக்ஸ்பேஸ். விசை வேறு கட்டளைக்கு உரியதாக இருந்தால் அதைக் கேட்டு ஒரு சிறு சாளரம் வரும்.

மெனுக் கட்டளைக்குத் தனி எழுத்து கூடாது என்ற விதி இங்கே இல்லை. படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளருக்கு ஒற்றை எழுத்தைக் கொடுக்கலாம். பின்னால் நிறுவிய செருகுநிரலுக்கும் கொடுக்கலாம். இந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் கை தவறி ஓர் எழுத்து அழுந்தினால் படம் முழுவதும் மங்கிப்போகலாம். தனி எழுத்துகளை இங்கேயும் கருவிகளுக்கே ஒதுக்கி வைப்பது நல்லது என்பது என் கருத்து. கட்டளையின் பெயர் மட்டும் நினைவிருந்து மெனு நினைவில்லாதபோது, சாய்கோட்டு விசையை அழுத்தினால் வரும் தேடல் பெட்டி, விசை கொடுக்காமலே பல கட்டளைகளைச் சமாளிக்கும்.

2.10 பதிப்பில் இந்தச் சாளரத்தின் அடியில், வெளியேறும்போது குறுக்குவிசைகளைச் சேமிக்கச் சொல்லும் ஒரு குறி இருக்கிறது. அது இல்லையென்றால், பிரிஃபரன்ஸ் பகுதியில் இன்டர்ஃபேஸ் என்பதன் கீழ் உடனே சேமிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது உழைப்பு காணாமல் போயிருக்கும். அதே இடத்தில் டைனமிக் குறுக்குவிசை என்ற தேர்வும் உண்டு: மெனு வரியின் மீது சுட்டியை நிறுத்திக்கொண்டு விசையை அழுத்தினாலே அது ஒதுக்கப்பட்டுவிடும். அமைத்து முடிக்கும் வரை மட்டும் அதை இயக்கி வையுங்கள். தொடர்ந்து விட்டுவைத்தால், மெனு திறந்திருக்கும்போது தவறி அழுந்தும் விசைகளும் ஒதுக்கப்பட்டுவிடும்.

ஃபோட்டோஷாப்பையும் கிம்பையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்களுக்கு மிகப் பெரிய இடறல் கன்ட்ரோல் டி (D). முன்னதில் அது தேர்வை நீக்கும். பின்னதில் படத்தையே நகலெடுத்துப் புதிய சாளரத்தில் திறக்கும். கிம்பில் தேர்வை நீக்க கன்ட்ரோல், ஷிப்ட், ஏ. பிரஷ் ஒன்றில் பி, மற்றொன்றில் ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்து. இரண்டையும் முழுக்க ஒத்துப்போகச் செய்ய முயல வேண்டாம். தேர்வை நீக்குதல், லேயரை நகலெடுத்தல், பிரஷ், பெரிதாக்கிக் காட்டுதல் ஆகிய நான்கை மட்டும் ஒன்றாக்கினாலே கை தடுமாறுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

மற்ற மென்பொருள்களில்

அஃபினிட்டி ஃபோட்டோவில் அமைப்புகளின் ஷார்ட்கட்ஸ் பகுதியில் இதே வேலையைச் செய்யலாம். ஒவ்வொரு பர்சோனாவுக்கும், அதாவது வேலைக்கேற்ப மாறும் பணிச்சூழலுக்கும், தனிப் பட்டியல் இருப்பதால், எதில் மாற்றுகிறீர்கள் என்பதை மேலே பார்த்துக்கொள்ள வேண்டும். கேப்சர் ஒன் மென்பொருளில் இயல்பான தொகுப்பைத் திருத்த முடியாது. நகலெடுத்துத்தான் மாற்ற முடியும். லைட்ரூம் கிளாசிக்கில் குறுக்குவிசை மாற்றும் சாளரமே இல்லை. கன்ட்ரோலோடு சாய்கோட்டு விசையை அழுத்தினால் அந்தப் பகுதிக்கான விசைகளின் பட்டியல் மட்டும் வரும். மேக் பயனர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு: இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்பில் ஆப் ஷார்ட்கட்ஸ் பகுதிக்குப் போய், மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, மெனுக் கட்டளையின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி விசை கொடுக்கலாம். பெயரின் முடிவில் உள்ள மூன்று புள்ளிகள் விடுபட்டாலும் அது வேலை செய்யாது.

இலவசத் திருத்த மென்பொருளான டார்க்டேபிளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பிலிருந்து அதன் குறுக்குவிசை முறை மற்றவற்றைவிட ஒரு படி முன்னே போய்விட்டது. மேலே உள்ள விசைப்பலகைச் சின்னத்தை அழுத்திவிட்டு, எக்ஸ்போஷர் போன்ற ஒரு ஸ்லைடரின் மீது சுட்டியை வைத்து, ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால், அந்தச் சேர்க்கை அந்த ஸ்லைடருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். பிறகு எந்த இடத்தில் சுட்டி இருந்தாலும் அந்த விசையோடு சக்கரத்தைச் சுழற்றினால் வெளிச்சம் கூடும், குறையும். பொத்தானை அழுத்துவதை மட்டுமல்லாமல், அளவைக் கூட்டிக் குறைப்பதையும் விசைக்குக் கொண்டுவரும் இந்த வசதி எல்லாவற்றிலும் இருந்திருக்கலாம்.

விசை சரியாக இருந்தும் வேலை செய்யாதபோது

இயங்குதளமோ பின்னணியில் ஓடும் இன்னொரு நிரலோ விசையை முதலில் பிடித்துக்கொண்டால், அது திருத்த மென்பொருளுக்கு வந்து சேர்வதே இல்லை. திரைப்பதிவு நிரல்கள், வரைகலை அட்டையோடு வரும் மேலடுக்கு நிரல்கள், அரட்டை நிரல்கள் ஆகியவை ஆல்ட் சேர்க்கைகளை இப்படிப் பிடித்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பதே எளிய சோதனை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் எழுதிவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தால், பி அழுத்தினாலும் பிரஷ் வராது. விண்டோஸில் ஆல்ட் ஷிப்ட் சேர்க்கை உள்ளீட்டு மொழியை மாற்றக்கூடியது. லேயரின் கலப்பு முறையை மாற்றும் ஃபோட்டோஷாப் விசைகளும் அதே சேர்க்கையில் தொடங்குவதால், நம்மை அறியாமலே மொழி மாறிவிடும். விண்டோஸின் மேம்பட்ட விசைப்பலகை அமைப்பில் மொழி மாற்றும் அந்தச் சேர்க்கையை நீக்கிவிட்டு, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு செயலியின் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் தேர்வும் அங்கேயே இருக்கிறது. அதை இயக்கினால் எழுதும் சாளரம் தமிழிலும், படம் திருத்தும் சாளரம் ஆங்கிலத்திலும் நிற்கும்.

பகிர்ந்துகொள்ளும் கணினியும் காப்புப் பிரதியும்

படத்தின் லேயர்களை அழித்து ஒன்றாக்கும் ஃபிளாட்டன் கட்டளைக்கு நான் ஒருமுறை கன்ட்ரோல், ஷிப்ட், டி (D) என்ற சேர்க்கையைக் கொடுத்திருந்தேன். முன்பு நீக்கிய தேர்வைத் திரும்பக் கொண்டுவரும் விசை அது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அதே கணினியில் மாலையில் உட்கார்ந்த நண்பர் பயன்படுத்துபவர். அவர் அழுத்தினார், திரையில் படம் துளியும் மாறவில்லை, சேமித்துவிட்டு மூடினார். மறுநாள் திறந்தபோது பதினான்கு லேயர்கள் இருந்த இடத்தில் ஒன்றே இருந்தது. தவறு முழுக்க என்னுடையது. அதிலிருந்து, திரையில் தடயம் விடாமல் எதையாவது அழிக்கும் கட்டளைக்கு, பிறர் கை பழகிய விசையை நான் கொடுப்பதில்லை.

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால், ஃபோட்டோஷாப்பில் விண்டோ மெனுவின் வொர்க்ஸ்பேஸ் பகுதியில் புதிய வொர்க்ஸ்பேஸ் உருவாக்கும்போது கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற குறியையும் இட்டுவிடுங்கள். பேனல்களின் இடத்தோடு குறுக்குவிசைகளும் அந்தப் பெயரில் சேர்ந்துவிடும். அவரவர் வந்து அவரவர் வொர்க்ஸ்பேஸைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மாற்றங்களை ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு விசைகளை மாற்றி, கை தானாகப் போகும் வரை காத்திருந்து, அடுத்த தொகுதிக்குப் போவது எனக்குச் சரிப்பட்டது. ஒரு வாரத்துக்குப் பின்னும் யோசித்து அழுத்த வேண்டியிருக்கும் விசை தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள்; அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அல்லது பழையபடியே விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தொகுப்பைச் சேமித்து, அந்தக் கோப்பின் நகலைக் கணினிக்கு வெளியே வையுங்கள். ஃபோட்டோஷாப்பில் அது கே.ஒய்.எஸ் கோப்பு, கிம்ப் 2.10 பதிப்பில் பயனர் கோப்புறையில் உள்ள மெனுஆர்சி என்ற எளிய எழுத்துக் கோப்பு, டார்க்டேபிளில் ஷார்ட்கட்ஸ்ஆர்சி. ஆக்‌ஷன்கள் இவற்றில் சேராது என்பதால் அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும். ஃபோட்டோஷாப் சாளரத்தில் உள்ள சம்மரைஸ் பொத்தான் குறுக்குவிசைகள் அனைத்தையும் உலாவியில் திறக்கக்கூடிய ஒரு பக்கமாக எழுதித் தரும். அதையும் நகலோடு சேர்த்து வையுங்கள். புதிய பதிப்பை நிறுவியவுடன் மறுபடி ஒரு பக்கம் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த விசை இடம் மாறியிருக்கிறது என்பது வேலையின் நடுவில் அல்லாமல் அப்போதே தெரிந்துவிடும்.